இன்டர்வியூ முடிந்தது, பதிலே இல்லை: வேலை தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை, கோவை, பெங்களூரு ஐடி கம்பெனிகளுக்கு அலைந்துகொண்டிருக்கும் ஃப்ரெஷர்களும், எட்டுப் பத்து வருட அனுபவத்தோடு கம்பெனி மாறப் பார்ப்பவர்களும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். நான் பல வருடங்களாக இன்டர்வியூ பேனலில் உட்காருகிறவன், அதற்கு முன்னால் மேசையின் அந்தப் பக்கம் காத்திருந்தவன். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்ஆப்பில் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மூன்று ரவுண்டும் நன்றாகப் போனது. ஹெச்ஆர் சம்பளம்கூடப் பேசிவிட்டார். "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்றவர்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறார்கள். நான் ரிஜெக்டா?

ரிஜெக்டாகவும் இருக்கலாம், செலக்ட் ஆகி யாரோ ஒருவரின் அப்ரூவலுக்காக மெயில் பெட்டியில் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். இந்த மௌனத்தை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "அந்த ஜாவா கேள்விக்குத் தடுமாறினேனே, அதனாலயா?", "சம்பளம் கூடக் கேட்டுட்டேனா?" என்று ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்துகொள்கிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலான சமயம் காரணம் அந்த அறையிலேயே இருக்காது.

ஆனால் திட்டம் போடும்போது மட்டும் பதில் வராததை "இல்லை" என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இன்டர்வியூவைத் தள்ளிப் போடாதீர்கள், கையில் இருக்கும் வேறு ஆஃபரை விடாதீர்கள். வந்தால் வரட்டும்.

அப்படி உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரு ஆமாம், இல்லை சொல்ல இரண்டு மாதமா?

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஐடி சர்வீஸ் கம்பெனியில் ஒரு வேலை காலியாவது என்றால், ஏதோ ஒரு கிளையன்ட்டின் ப்ராஜெக்ட்டுக்கு ஆள் தேவை என்று மேனேஜர் சிஸ்டத்தில் கோரிக்கை போடுகிறார் என்று அர்த்தம். அதற்கு மேலே இரண்டு மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும். முதலில் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவர்களில், ஆள் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால்தான் வெளியே தேடல்: நௌக்ரி, ரெஃபரல், கன்சல்டன்சி. அப்புறம் டெக்னிக்கல் ரவுண்டு, மேனேஜர் ரவுண்டு, சில இடங்களில் கிளையன்ட்டே பேசிப் பார்ப்பார், கடைசியில் ஹெச்ஆர். கேட்கும் சம்பளம் அந்தப் பதவிக்கு வகுத்த அளவைத் தாண்டினால் தனி ஒப்புதல் வேண்டும். இதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வண்டி நிற்கும். கிளையன்ட் "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்பார். நீங்கள் மூன்றாவது ரவுண்டு முடித்த மறுநாள் பெஞ்சுக்கு வந்த ஒருவரை அந்த இடத்தில் போட்டுவிடுவார்கள், அவருக்கு ஏற்கெனவே சம்பளம் போய்க்கொண்டிருக்கிறதே. மார்ச் முடியும்போது ஆள் எடுப்பதையே நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். உங்களிடம் பேசிய ரெக்ரூட்டர் வேலையை விட்டே போயிருப்பார். நிறைய இடங்களில் அவர்களே கான்ட்ராக்டில் இருப்பவர்கள்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, வெளியே சொல்லவே மாட்டார்கள். ஆஃபர் வாங்குகிறவர்களில் பலர் சேருவதில்லை. பழைய வேலையை விடுவதற்கான நோட்டீஸ் காலம் பல கம்பெனிகளில் 90 நாள், அந்த 90 நாளில் கையில் இருக்கும் ஆஃபரைக் காட்டி வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குப் பேசலாம், பேசுகிறார்கள். கம்பெனிக்கு இது தெரியும். அதனால் முதல் ஆளுக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு இரண்டாவது ஆளை "இல்லை" என்று சொல்லி அனுப்பாமல் வைத்துக்கொள்வார்கள், முதல் ஆள் கடைசி நேரத்தில் வராமல் போனால் இவரைக் கூப்பிடலாமே என்று. அந்த இரண்டாவது ஆள் நீங்களாக இருந்தால், உங்களுக்குப் பதில் வராமல் இருப்பது மறதியால் நடப்பது கிடையாது, வேண்டுமென்றே திறந்து வைத்த கதவு அது. ஆறு வாரம் கழித்துத் திடீரென்று போன் வந்து "உடனே ஜாயின் பண்ண முடியுமா?" என்று கேட்பதும் இதனால்தான்.

இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. "நீங்கள் இரண்டாவது தேர்வு, மூன்று வாரத்தில் முடிவு தெரியும்" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலானோர் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

பேனலில் இருந்தவரைக் கேட்டால் தெரியுமா?

தெரியாது. பேனலில் இருப்பவர் ஒரு படிவத்தை நிரப்புவார்: டெக்னிக்கல் இத்தனை, பேச்சுத்திறன் இத்தனை, செலக்ட் அல்லது ரிஜெக்ட், நாலு வரி குறிப்பு. அத்தோடு அவர் வேலை முடிந்தது. நான் "கட்டாயம் எடுங்கள்" என்று எழுதிக் கொடுத்த ஒரு பெண் பல மாதம் கழித்து லிங்க்ட்இன்னில் வேறு கம்பெனியில் சேர்ந்ததாகப் போட்டிருந்தார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பதவியையே மூடிவிட்டார்களாம். அவருக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாகப் பதில் சொன்ன அந்தப் பெண் தன்னைத் தோற்றவளாக நினைத்துக்கொண்டிருந்த மாதங்களை எண்ணினால் இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எத்தனை நாள் கழித்து விசாரிக்கலாம்? தொல்லை என்று நினைப்பார்களோ?

அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள் ஆனதும் கேளுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம். மெயிலில் கேளுங்கள், முன்பு வந்த அதே மெயிலுக்குப் பதிலாக. போன் எடுக்கமாட்டார்கள், வாட்ஸ்ஆப்பில் இரண்டு நீல டிக் மட்டும் விழும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனசு கெட்டுப் போகும்.

சுருக்கமாக இப்படி எழுதலாம்: "இந்த மாதம் 12-ஆம் தேதி சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் பதவிக்கு மேனேஜர் ரவுண்டு முடிந்தது. முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எனக்கு வேறு ஒரு ஆஃபருக்கு 25-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது." கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், ஒரு ரெக்ரூட்டர் தன் மேனேஜரிடம் போய் முடிவு கேட்பதற்குத் தேவைப்படும் ஆயுதமே அந்தத் தேதிதான்.

பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அதற்கு மேல் வேண்டாம். ரெஃபரல் மூலம் போயிருந்தால் உங்களை ரெஃபர் செய்த நண்பர் உள்ளே சிஸ்டத்தில் நிலவரம் பார்க்க முடியும், அவரிடம் ஒரு முறை கேளுங்கள். தினமும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

"ஆஃபர் கன்ஃபர்ம், பேப்பர் போட்டுடுங்க, லெட்டர் ரெண்டு நாள்ல வரும்" என்று ஹெச்ஆர் போனில் சொல்கிறார். ராஜினாமா செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

போனில் சொன்னது ஆஃபர் கிடையாது. எல்ஓஐ என்று வருகிற விருப்பக் கடிதமும் பெரும்பாலும் ஆஃபர் கிடையாது, அதன் கீழே பொடி எழுத்தில் "இது வேலைக்கான உத்தரவாதம் ஆகாது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், தேடிப் படியுங்கள். பதவி, சம்பளப் பிரிப்பு, வேலை செய்யும் ஊர், சேரும் தேதி இந்த நான்கும் எழுத்தில் உள்ள கடிதம், கம்பெனியின் சொந்த மெயில் முகவரியிலிருந்தோ அதன் போர்ட்டலிலிருந்தோ வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்டு, ஏற்றதற்கான பதிலும் கையில் இருந்தால்தான் பேப்பர் போடலாம்.

அவசரப்படுத்துவார்கள். "நீங்க ரிசைன் பண்ணின மெயிலைக் காட்டினாத்தான் ஆஃபர் ரிலீஸ் ஆகும்" என்றுகூடக் கேட்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படிக் கேட்டால் "கடிதம் வந்த அன்றே ராஜினாமா செய்து மெயிலை அனுப்புகிறேன்" என்று எழுத்தில் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கம்பெனி, நாளைக்கு நீங்கள் நடுத்தெருவில் நிற்கும்போது போனை எடுக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

கடிதம் இருந்தும் இழுத்தடிப்பது நடக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ்ஸில் அனுபவத்தின் பேரில் ஆஃபர் வாங்கிய 600-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சேரும் தேதி தள்ளிப்போகிறது என்று புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. கொடுத்த ஆஃபர்களைக் காப்பாற்றுவோம் என்று கம்பெனி சொன்னது. ஆனால் பழைய வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு நடுவில் வரும் மாதங்களின் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது? முடிந்தவரை மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு மாறுங்கள். எல்லோராலும் முடியாது என்பது தெரியும், அதனால்தான் கடிதத்தில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

கேம்பஸில் செலக்ட் ஆகி ஒரு வருடம் ஆகிறது. ஜாயினிங் தேதி வரவில்லை. காத்திருக்கலாமா?

காத்திருங்கள், ஆனால் சும்மா காத்திருக்காதீர்கள்.

இது எப்படி வந்தது என்று பார்ப்போம். கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க டிஜிட்டல் வேலை குவிந்தது. 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் மட்டும் ஒரு லட்சம் ஃப்ரெஷர்களை எடுத்தது, இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. அப்புறம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிளையன்ட்டுகள் செலவைச் சுருக்கினார்கள். 2023-24 முடிவில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை 60,000-க்கு மேல் குறைந்திருந்தது. இடையில் ஆஃபர் வாங்கி வெளியே நின்றவர்கள்தான் நசுங்கினார்கள். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுத்த ஃப்ரெஷர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022 பேட்ச்சைச் சேர்ந்த சுமார் 2,000 பேர் இரண்டு வருடமாகக் காத்திருப்பதாக 2024 ஆகஸ்டில் நைட்ஸ் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. கொடுத்த ஒவ்வொரு ஆஃபரையும் நிறைவேற்றுவோம் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் சொன்னார், அக்டோபரில் பலர் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் பயிற்சியில் இருந்தவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் உள்தேர்வில் தேறவில்லை என்று அனுப்பப்பட்டார்கள், அவர்களில் நெடுநாள் காத்திருந்து உள்ளே போனவர்களும் இருந்தார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தோம் என்பது கம்பெனியின் தரப்பு. அப்படியே இருந்தாலும், இரண்டு வருடம் காத்திருந்து உள்ளே போன ஒருவர் சில மாதங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியதை நினைத்துப் பாருங்கள்.

நம்மூர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் இன்னொரு சிக்கல். பல கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர்தான், செலக்ட் ஆனால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடமாட்டார்கள். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் பேனரில் உங்கள் போட்டோ, பக்கத்தில் கம்பெனி லோகோ, கீழே சம்பளம். அடுத்த வருட அட்மிஷன் அந்த பேனரை வைத்து நடக்கும், நீங்கள் வீட்டில் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஜாயினிங் தேதி வராதவர்களின் போட்டோவை எந்தக் கல்லூரியும் இறக்கி நான் பார்த்ததில்லை. பிளேஸ்மெண்ட் அதிகாரியிடம் எழுத்தில் போய்க் கேளுங்கள்: எங்கள் பேட்ச்சில் இத்தனை பேருக்குத் தேதி வரவில்லை, கம்பெனியிடம் கல்லூரி பெயரில் கேட்டுச் சொல்லுங்கள் என்று. தனி மாணவரின் மெயிலுக்கு வராத பதில் கல்லூரியின் மெயிலுக்கு வரும், அடுத்த வருடமும் அந்த வளாகத்துக்கு வர வேண்டியிருக்கிறது அல்லவா.

அப்புறம் இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மறக்க வேண்டாம். ஒன்று கல்விக் கடன்: பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைதான் தவணைக்கு அவகாசம், வேலை வந்ததா இல்லையா என்று பேங்க் பார்க்காது. அவகாசம் முடிவதற்கு முன்பே ஆஃபர் லெட்டரோடு கிளை மேலாளரைப் பார்த்துத் தள்ளிவைக்கக் கேளுங்கள், தவணை தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இன்னொன்று பேட்ச்: ஃப்ரெஷர் ட்ரைவ் பெரும்பாலானவற்றில் "இந்த வருடம் முடித்தவர்கள் மட்டும்" என்று போடுவார்கள். ஒன்றரை வருடம் சும்மா காத்திருந்தால் அந்த வாசல்கள் சாத்திவிடும். அதனால் சின்னக் கம்பெனியாக இருந்தாலும், சம்பளம் குறைவாக இருந்தாலும், கிடைக்கும் வேலையில் சேர்ந்துவிடுங்கள். பெரிய கம்பெனியின் தேதி வந்தால் அப்போது முடிவு செய்யலாம். சேரும் இடத்தில் பாண்டு (இத்தனை வருடம் விலக மாட்டேன், விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) கேட்டால் மட்டும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

ஓரளவுக்கு. ஆஃபரை நீங்கள் ஏற்றுக்கொண்டால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது ஒப்பந்தம் ஆகலாம், மீறினால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் "இவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும்" என்று தனியார் கம்பெனியைக் கோர்ட் கட்டாயப்படுத்துவது பொதுவாக நடக்காது. கடிதத்திலேயே "பிஜிவி (பழைய வேலை, படிப்பு பற்றிய பின்னணிச் சரிபார்ப்பு) சரியாக இருந்தால்", "பிசினஸ் தேவைக்கு உட்பட்டு" என்று தப்பிக்கும் வழிகளும் எழுதியிருப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் வாசலுக்கு வெளியே காத்திருப்பவருக்கு அதனால் பெரிதாகக் கை கொடுக்க முடியாது. தனியாகக் கேஸ் போடுவதைவிட, ஒரே நிலையில் இருப்பவர்கள் பெயர், ஆஃபர் தேதி, வந்த மெயில்கள் எல்லாவற்றையும் திரட்டி, ஊழியர் சங்கம் மூலம் தொழிலாளர் துறைக்குப் போவதுதான் இதுவரை அசைவு கொடுத்த வழி. வேலையை விட்டதால் நிஜமாகவே பண நஷ்டம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

வேறு நாடுகளில் எப்படி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சொல்லலாம், டொராண்டோவில் நம் ஆட்கள் ஏராளம் என்பதால் கேட்கிறவர்களும் உண்டு. அங்கே 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொதுவில் விளம்பரம் செய்த பதவிக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவெடுத்தாயிற்றா இல்லையா என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். விளம்பரத்தில் நிஜமாகவே காலியிடம் இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். நம்மிடம் இப்படி எதுவும் இல்லை. வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பிஜிவி ஐந்து வாரமாக "நடந்துகொண்டிருக்கிறது" என்றே காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் பழைய கம்பெனியின் ஹெச்ஆர் பதில் போடாததால், அல்லது பல்கலைக்கழகத்திலிருந்து சான்றிதழ் உறுதி வராததால். பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண் (கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே எண்) வழியாக நீங்கள் எங்கே எப்போது வேலை பார்த்தீர்கள் என்று பார்ப்பார்கள், அதனால் ரெஸ்யூமேயில் உள்ள தேதியும் பிஎஃப் பதிவில் உள்ள தேதியும் ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே-ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். எது நிலுவை என்று கேளுங்கள், "பெண்டிங்" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாதீர்கள்.

"ஜாயினிங் தேதி சீக்கிரம் வேண்டுமா, டெபாசிட் கட்டுங்கள்" என்று ஒருவர் கூப்பிடுகிறார்.

மோசடி. எந்த ஒழுங்கான கம்பெனியும் வேலைக்குப் பணம் கேட்காது, லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், எந்தப் பெயரிலும். கம்பெனிகள் பேசாமல் இருப்பதால் உண்டாகும் இடைவெளியில்தான் இந்த ஆட்கள் நுழைகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கேண்டிடேட்டுகளும்தான் ஆஃபரை வாங்கிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் மறைகிறார்கள். அது மட்டும் சரியா?

சரியில்லை. சேரப் போவதில்லை என்றால் முடிவெடுத்த அன்றே இரண்டு வரி மெயில் போடுங்கள், உங்களுக்குப் பின்னால் ஒருவர் அந்த இடத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், மேலே சொன்ன அந்த இரண்டாவது ஆள். ஆனால் இரண்டையும் சமமாக வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஒருவர் வராமல் போனால் கம்பெனிக்கு ஒரு பதவி கொஞ்ச நாள் காலியாக இருக்கும். கம்பெனி வாயைத் திறக்காவிட்டால் ஒரு வீட்டில் வாடகை நிற்கும்.

வீட்டில் "இன்னும் வரலையா?" என்று தினமும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். அரசு வேலைபோல ஆர்டர் வந்தால் வேலை உறுதி என்று நினைக்கும் தலைமுறை அது, கம்பெனி ஆஃபர் கொடுத்துவிட்டு இழுத்தடிக்கும் என்பது அவர்களுக்குப் புரியாது, பிள்ளைதான் ஏதோ மறைக்கிறான் என்று தோன்றும். மெயில்களை எடுத்துக் காட்டுங்கள், உங்களைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: சொந்தக்காரர்கள் முன்னால் கேட்காதீர்கள்.

நான் ரெக்ரூட்டர். நாள் ஒன்றுக்கு நூறு பேரிடம் பேசுகிறேன். எல்லோருக்கும் பதில் போட முடியுமா?

ரெஸ்யூமே அனுப்பிய ஆயிரம் பேருக்கும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இன்டர்வியூவுக்கு வந்தவர்களுக்கு முடியும். லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டு, ஒரு மணி நேரம் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் அவர். "இந்த முறை வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்ற ஒரு வரியை சிஸ்டத்தில் வார்ப்புருவாக வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை மொத்தமாக அனுப்பலாம். முடிவு வரவில்லை என்றால் "முடிவு இன்னும் வரவில்லை" என்பதும் பதில்தான். பதவியையே மூடிவிட்டால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் ஒருவரைத் தன் மேலேயே சந்தேகப்படாமல் காப்பாற்றும்.

ஒரு தடவை பதில் சொல்லாமல் விட்ட கம்பெனிக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. பல கம்பெனிகளில் ஆறு மாத இடைவெளி கேட்பார்கள், அதற்குள் போட்டால் சிஸ்டமே தள்ளிவிடும். ஆறு மாதத்தில் ரெக்ரூட்டர், மேனேஜர், சில சமயம் ப்ராஜெக்ட்டே மாறியிருக்கும். பழைய மெயில் தொடரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், முதல் போனிலேயே "போன முறை மேனேஜர் ரவுண்டு வரை வந்தேன், முடிவு தெரியவில்லை" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சில இடங்களில் பழைய ஃபீட்பேக்கை எடுத்துப் பார்த்துவிட்டு முதல் ரவுண்டை விட்டுக்கொடுப்பார்கள்.